தென்கரையில் ஒரு வேலி

வடகரை,
மே 28

ராய்ஸ்,

போதுமான காலம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். நேற்று தபால் பெட்டிகளுக்கு முன்னால் நீ பேசிய பேச்சுக்குப் பிறகும் அப்படியே இருந்தால், அதைப் பொறுமை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒப்புக்கொண்டான் என்பார்கள்.

நடந்ததை எழுதிவைக்கிறேன். எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று இந்த ஏரிக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். நான் எனக்கு வந்த தபாலை எடுத்துக்கொண்டிருந்தேன். நீ வண்டியை நிறுத்தினாய். கண்ணாடியை முழுதாக இறக்கவில்லை, குளிர்காற்று வீணாகிவிடும் என்று நினைத்தாயோ என்னவோ. "எழுதிப் போட்டுட்ட. இப்ப நிம்மதியா?" என்றாய். நான் "எதை?" என்றேன். "நடிக்காதே வென்டல், உனக்கு அது வராது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். பக்கத்தில் நின்ற பெண்மணி தன் நாயின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். பட்டை சரியாகத்தான் இருந்தது.

உன் வேலியைப் பற்றி ஏரிக் குடியிருப்போர் சங்கத்துக்குப் பெயரில்லாத புகார் போயிருக்கிறது என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எழுதவில்லை.

எழுத எனக்குக் காரணம் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். உன் வீட்டுக்கு நேர் எதிரே, தண்ணீருக்கு இந்தப் பக்கம் இருப்பது என் வீடு மட்டும்தான். ஏப்ரலிலிருந்து காலையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது ஆளுயரக் கறுப்புக் கம்பி வேலி. மிருகக்காட்சிசாலைக்கு எதிரே குடியிருப்பதுபோல் இருக்கிறது. நீர்முகப்பில் இடுப்புக்கு மேல் எந்த வேலியும் கூடாது என்ற விதியை, சங்கத் தலைவராக வந்த முதல் வருடமே எழுதியவன் நீ. கிளப் ஹவுஸில் எழுந்து நின்று, "ஏரி எல்லாருக்கும் பொது. ஏரியைப் பாக்குறதும் எல்லாருக்கும் பொது," என்றாய். கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

விதிகளை நீ எப்படி நடத்துவாய் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. என் மனைவி ஆட்ரிக்கு உடம்பு முடியாமல் போன கோடையில், படகுத்துறையில் நிழலுக்கு ஒரு கித்தான் கட்டினேன். நீலம். அவள் தேர்ந்தெடுத்த நிறம். மணல், களிமண், சாம்பல் ஆகிய மூன்று நிறங்களுக்குத்தான் அனுமதி என்று நான் சொன்னபோது அவள் சிரித்தாள். "தண்ணிக்கே பீப்பாய் பீப்பாயா நீலச் சாயம் ஊத்துறாங்க. நான் ஒரு துணி கட்டக் கூடாதா?" என்றாள். பத்து நாள் அதன் கீழே உட்கார்ந்தாள். பிறகு நோட்டீஸ் வந்தது. அதன் பின்னாலேயே தொப்பியைக் கையில் பிடித்தபடி நீ வந்தாய். "நான் என்ன பண்ணட்டும் வென்டல்? ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்," என்றாய். அவிழ்த்தேன். மிச்சக் கோடையை அவள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்து பார்த்தாள். செப்டம்பரில் போய்விட்டாள்.

அந்தப் புகாரும் பெயரில்லாமல்தான் வந்தது. கரைக் குழுவுக்கு அப்போது தலைவி யார்? வியாழக்கிழமைதோறும் அகலத் தொப்பியோடு கரையோரமாக நடந்து, யார் வீட்டில் எது விதியை மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனவள் யார்? உன் மனைவி வெர்னா. நான் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவன். இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியும்.

ஆனால் நான் உங்களைப்போல் இல்லை. எழுதினால் பெயர் போட்டுத்தான் எழுதுவேன். இதோ.

வென்டல் ஹார்ப்


தென்கரை,
ஜூன் 2

வென்டல்,

உன் கைபேசியில் என் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறாய். நேரில் வரலாம் என்றால் வீட்டை விட்டு நகர முடியாது. அதனால் எழுதுகிறேன். எனக்கு உன் அளவுக்கு எழுத வராது. நான் ஊரார் கூரைமேல் ஏறிக் குளிர்சாதனப் பெட்டி பொருத்திப் பிழைத்தவன்.

வெர்னாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. 'போய்க்கொண்டிருக்கிறது' என்பது டாக்டரின் பேச்சு. நான் பார்க்கிற அளவில் பெரும்பகுதி போய்விட்டது.

ஏப்ரலில் ஒரு மதியம் சமையலறையிலிருந்து வெளியே பார்த்தேன், அவளைக் காணவில்லை. தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தாள். மார்பு வரை. கையில் ரொட்டிப் பாக்கெட். உனக்குத் தெரியும், எங்கள் பக்கம் படி கிடையாது. சிமென்ட் விளிம்பு, அதற்குக் கீழே ஒரு சின்னத் திட்டு, அதை விட்டால் நேராக ஆழம். அவள் திட்டின் மேல் நின்றிருந்தாள். "என்ன பண்ற வெர்னா?" என்றேன். "கத்தாதே, வாத்து பயப்படும்," என்றாள். ஒரு வாத்துகூட அங்கே இல்லை. நான் குதித்துப் பிடித்துக் கரையேற்றினேன். "விதிப்படி ஏரில குளிக்கக் கூடாது, தெரியும்ல?" என்று என்னைத்தான் திட்டினாள்.

மறுநாளே வேலி போட்டேன். அது என்ன உயரம், எந்த விதி என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டேன்.

இம்மாதம் 26, வெள்ளிக்கிழமை விசாரணை. வேலியைப் பிரி என்பார்கள். வேறு என்ன சொல்வார்கள்? நானே இன்னும் தலைவர் நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். தண்ணீர் ஓரத்தில் வேலியில்லாமல் அவளை வைத்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகையால் வேலி போனால் அவளும் போவாள். ஃபீனிக்ஸில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு இல்லம் இருக்கிறது.

உன்னைக் கெஞ்சவில்லை. வழியைச் சொல்கிறேன். பெயரில்லாமல் வந்த புகாரைப் பெயரில்லாமலே திரும்பப் பெறலாம். விசாரணைக்கு முன்னால் ஒரு வரி கிளப் ஹவுஸ் புகார்ப் பெட்டியில் விழுந்தால் போதும், விஷயம் அதோடு முடிந்தது. அந்த விதியும் நான் எழுதியதுதான். அந்த ஒரு வரியை நானே எழுதிப் போட்டுவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. போடமாட்டேன். எழுதியவன் எவனோ அவனே எடுக்கட்டும்.

கித்தான் பேச்சை நீ எடுத்ததால் சொல்கிறேன். அந்த நோட்டீஸுக்கு இரண்டாம் நாள் மணல் நிறக் கித்தான் ஒரு சுருள், கொக்கிகளோடு, உன் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். என் பெயர் எழுதிய அட்டையும் கட்டியிருந்தேன். கட்டித்தர நானும் வருவதாக அதில் எழுதியிருந்தது. அந்தச் சுருள் அதே இடத்தில் கிடந்து வெயிலில் வெடித்ததை வண்டியில் போகும்போதெல்லாம் பார்த்தேன்.

இன்னொன்று. நீலத்துணியைப் பற்றி வெர்னா எழுதவில்லை. நான் அப்போதே கேட்டேன், இல்லை என்றாள். அப்போது அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

ராய்ஸ்


வடகரை,
ஜூன் 6

ராய்ஸ்,

எழுதாததை நான் எப்படித் திரும்பப் பெறுவது?

ஒரு வரிதானே என்கிறாய். அந்த ஒரு வரி பெட்டியில் விழுந்த நிமிடமே, 'பார், அவன்தான்' என்று நீ எதிர்க்கரையில் நின்று தலையாட்டுவாய். ஆயுசு முழுக்க ஆட்டுவாய். எல்லாரும் நம்பும்படி நானே என் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதையும் உன் வீட்டுக்காகச் செய்ய வேண்டும்.

வெர்னாவைப் பற்றி எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக அவள் கரையில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பாள். ஆரம்பத்தில் நான் கையசைத்தேன். அவள் அசைக்கவில்லை. திமிர் என்று நினைத்து நானும் கையை இறக்கிக்கொண்டேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு என்ன தோன்றுகிறது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஆட்ரிக்குப் பிறகு அப்படித்தான் இருக்கிறது. வெளியே நூற்றுப் பன்னிரண்டு டிகிரி, உள்ளே குளிர்சாதனம், இடையில் ஒரு கண்ணாடி. நான் அந்தக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டேன். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்து நான் அழுதிருப்பேன் என்று நீ எண்ணிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உனக்கு நேரான வழி இருக்கிறது. டாக்டரிடம் சான்று வாங்கிச் சங்கத்தில் கொடு. நோயாளி இருக்கும் வீட்டுக்கு விதிவிலக்கு கொடுத்தே ஆக வேண்டும், சட்டம் இருக்கிறது. உனக்குக் கிடைக்கும். சில வீடுகளுக்கு எப்போதும் கிடைக்கும்.

கித்தான் சுருளைப் பற்றி இனி எழுதாதே.

வென்டல் ஹார்ப்


தென்கரை,
ஜூன் 13

வென்டல்,

சான்று கொடுக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

விதிவிலக்கு கேட்டால் திறந்த கூட்டத்தில் கேட்க வேண்டும். டாக்டர் எழுதியதை வாய்விட்டுப் படிப்பார்கள். கரை முழுக்க உட்கார்ந்து கேட்கும். அப்படி வைத்ததும் நான்தான், சலுகை யாருக்கும் மறைவில் போகக் கூடாது என்று. டாக்டர் முதல்முதலாக நோயின் பெயரைச் சொன்ன அன்று, வண்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நம் வாசல் வளைவுக்கு வந்ததும் வெர்னா என் கையைப் பிடித்தாள். "ஏரிக்குத் தெரியக் கூடாது ராய்ஸ். இவங்க ஒவ்வொருத்தர் வீட்டையும் குறை சொன்னவ நான். என்னைப் பாத்து 'ஐயோ பாவம்'னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது. சத்தியம் பண்ணு," என்றாள். பண்ணினேன். அவளுக்கு இப்போது அந்தச் சத்தியம் ஞாபகமில்லை. எனக்கு இருக்கிறதே.

உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஏன் உனக்கு என்று யோசித்தேன். உன்னால் யாரிடமும் சொல்ல முடியாது. உன்னோடுதான் யாரும் பேசுவதில்லையே.

இந்த வாரம் அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சுத்தமாக இருக்கிறது. கூடத்தில் மீன் தொட்டி. வெர்னா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏரியைச் சின்னதாக்கிட்டாங்க," என்றாள். பிறகு வராந்தா முழுக்க நடந்துபார்த்தாள். மேஜையில் இருந்த பெண்ணிடம் போய், "இந்தக் கம்பள நிறத்துக்கு யாரு அனுமதி குடுத்தது?" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "எனக்கும் பிடிக்கலம்மா, நீங்க எழுதிக் குடுங்களேன்," என்றாள். வெர்னாவுக்கு ஒரே சந்தோஷம். வரும் வழியில், "நல்ல ஹோட்டல்தான். ஆனா நாம ஒரு ராத்திரிக்குமேல தங்க வேணாம்," என்றாள். அறை ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரிகிறது. பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் தொந்தரவு செய்வதில்லை. உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள், அவள் தங்கைக்கு என்று நினைக்கிறேன். வீட்டில் ஒரு பேனா மிச்சமில்லை. வியாழக்கிழமை ஆனால் தொப்பியை எடுத்துவிடுவாள், அது மட்டும் எப்படியோ தெரிகிறது. கிளப் ஹவுஸ் வரை கூட்டிப்போய்க் கூட்டிவருவேன். அன்று முழுக்க அமைதியாக இருப்பாள்.

நீ நேர்மையானவன் என்று ஒருகாலத்தில் நினைத்தேன். எழுதியது நீதான் என்று இப்போதும் நினைக்கிறேன். இரண்டும் எனக்குள் ஒன்றாகத்தான் இருக்கின்றன, அது எப்படி என்று கேட்காதே.

ராய்ஸ்


வடகரை,
ஜூன் 16

ராய்ஸ்,

உன் வேலிக் கதவின் கொண்டியை அவள் மேலே கைவிட்டுத் திறக்கிறாள். இன்று மதியம் பார்த்தேன். ஓடிவந்து பிடித்துவிட்டாய். நீ வரும்போது அவளுடைய ஒரு கால் விளிம்பில் இருந்தது. நான் இங்கிருந்து கத்தினேன், ஏரி நடுவிலுள்ள நீரூற்றின் இரைச்சலில் உனக்குக் கேட்டிருக்காது.

கொண்டியைக் கழற்றி வெளிப்பக்கத்தில், அடியில் பொருத்து. குனிந்து தேடமாட்டாள்.

இது அக்கறை அல்ல. தகவல்.

வென்டல் ஹார்ப்


தென்கரை,
ஜூன் 17

வென்டல்,

மாற்றிவிட்டேன்.

தகவலுக்குப் பதில் தகவல்: நீ நாள் முழுக்க என் வீட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

அடுத்த வெள்ளி விசாரணை. இதற்குமேல் எழுதமாட்டேன். அவள் துணிகளில் பெயர் தைக்க வேண்டுமாம், இல்லத்தில் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். ஊசியில் நூல் கோக்கவே எனக்கு நேரம் சரியாக இருக்கிறது.

ராய்ஸ்


வடகரை,
ஜூன் 18, வியாழன்

ராய்ஸ்,

நான் எழுதவில்லை என்று சொன்னேன். இப்போது எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. யார் எழுதியது என்று தெரியும். ஆளே என் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயாயிற்று.

இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் வெர்னா. அகலத் தொப்பி, ஒரு காலில் செருப்பு, இன்னொன்றில் வீட்டுக்குள் போடும் பஞ்சுச் செருப்பு. முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. நீ எப்படி விட்டாய் என்று கேட்கப் போவதில்லை. வாசல் பக்கம் வேலி இல்லை.

"உள்ளே வாங்க வெர்னா, வெயில்," என்றேன்.

"நீ யாருப்பா? புதுசா குடிவந்தவனா?" என்றாள். பதினெட்டு வருடமாக எதிர்வீட்டில் இருப்பவன் நான். "ஆமா, புதுசுதான்," என்றேன். வேறு என்ன சொல்வது?

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். கோப்பையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சரியாகக் கழுவியிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு பின்பக்கக் கண்ணாடிக் கதவருகே போய் நின்றாள். நின்ற இடம் ஆட்ரியின் நாற்காலி இருந்த இடம். அங்கே நான் எதுவும் போடுவதில்லை.

"அதோ பாரு கண்ணு," என்று தண்ணீருக்கு அப்பால் கையை நீட்டினாள். "ஒருத்தன் கம்பி வேலி போட்டு வெச்சிருக்கான். ஜெயில் மாதிரி. ஏரின்னா ஒரு லட்சணம் வேணாமா?"

"இருக்கு, பாத்தேன்."

"பாத்தா மட்டும் போதுமா? நான் எழுதிப் பெட்டில போட்டுட்டேன்."

ராய்ஸ், எனக்கு உடனே புரியவில்லை. "எதைப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"புகாரைத்தான். வேலி ஆளுயரம் இருக்கு, வாத்து ஏற முடியலன்னு எழுதினேன். போன மாசமே போட்டாச்சு. ஒண்ணும் நடக்கல. இதோ இன்னொண்ணு எழுதிட்டு வந்திருக்கேன்." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள்.

"அது யார் வீடு, தெரியுமா?"

"தெரியல. யாரோ ஒரு கிழவன். பொழுதன்னைக்கும் தண்ணிப் பக்கமே பாத்துக்கிட்டு நிப்பான். பாவம், யாருமில்லாதவன் போல." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா விதின்னா விதிதானே? என் வீட்டுக்காரர்தான் இங்க தலைவர். ராய்ஸ். அவர்கிட்ட போச்சுன்னா ஒரே வாரத்துல பிரிச்சிடுவார். ஆள் பாக்க மாட்டார்."

"பேர் போட்டு எழுதினீங்களா?" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தாள். புதிதாகக் குடிவந்தவனுக்குப் பாடம் சொல்லும் சிரிப்பு. "பேர் போட்டா அது சண்டையாயிடும் கண்ணு. பேர் போடாம இருந்தாத்தான் அது விதி."

என் மனதில் அப்போது என்ன ஓடியது என்று சொல்கிறேன். இந்தக் கடிதத்தின் வரிகள்தான் ஓடின. முதல் வரி எப்படி ஆரம்பிப்பது, உன் கடிதத்திலிருந்து எதை எடுத்து உன் முகத்தில் எறிவது என்று அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். பேனாக்கள் காணாமல் போகின்றன என்று நீயே எழுதியிருக்கிறாய். கிளப் ஹவுஸுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதும் நீயே. உன் கண்முன்னால் அவள் அதைப் பெட்டியில் போட்டிருக்கிறாள். உனக்குத் தெரியவில்லை.

அவள் இன்னும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் படகுத்துறையைக் காட்டி, "இங்க ஒரு நீலத்துணி கட்டியிருந்துச்சே, எங்க?" என்றாள்.

நான் அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கி மேஜையில் வைத்தேன்.

"அது நல்லாருந்துச்சு. ஒரு பொண்ணு அதுக்குக் கீழ உக்காந்திருக்கும். தலைல முடி இல்ல. நான் நடந்து போனா கை காட்டும். நானும் காட்டுவேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் அதை எழுதல. யார்கிட்டயும் சொல்லிடாதே. மூணு நிறத்துல அது சேராதுதான். ஆனா அந்தப் பக்கம் வந்தா தொப்பியை இறக்கி விட்டுக்கிட்டுப் பாக்காத மாதிரி போயிடுவேன். அந்த ஒண்ணு மட்டுந்தான், என் மொத்தக் காலத்துலயும்."

உன் கடிதத்தில் இதை ஒரு வரியில் எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை. நீ சொன்னால் நான் எதையும் நம்பமாட்டேன். யார் எழுதினார்கள் என்று இனித் தெரியப் போவதில்லை. இருநூறு வீடுகளில் எதுவாகவும் இருக்கலாம். ஐந்து வருடம் நான் அவள் மேல் வைத்திருந்ததை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு அவளைத் தெரு வழியாகக் கூட்டிவந்தேன். உன் வண்டி இல்லை. அவளைத் தேடித்தான் போயிருப்பாய், வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. உன் கூடத்தில் அவளை உட்காரவைத்தேன். சோபா மேல் அவள் துணிகள், கழுத்துப்பட்டைகளில் கோணல்மாணலாக 'வெர்னா டில்மன்' என்று சிவப்பு நூல். உனக்குத் தைக்க வரவில்லை. அவள் ஒன்றை எடுத்துப் பார்த்து, "யாரோட துணி இது? இவ்ளோ கேவலமாத் தைச்சிருக்கு," என்றாள்.

கிளம்பும்போது அந்தக் காகிதத்தை நீட்டினாள். "பெட்டி அவ்ளோ தூரம் நடக்க முடியல. நீயே போட்டுடுறியா?"

"போட்டுடறேன். இனிமே எழுதினா என்கிட்டயே குடுங்க. சங்கத்துல இந்தப் பக்கத்துக்கு என்னைத்தான் போட்டிருக்காங்க," என்றேன்.

"நல்லது. வியாழக்கிழமை இருப்பியா?"

"இருப்பேன்."

உன் வண்டிச் சத்தம் தெரு முனையில் கேட்டதும் பக்கவாட்டு வழியாக வெளியே வந்துவிட்டேன். அவளிடம் கேட்டிருப்பாய். என்ன சொன்னாளோ. யாரோ சாமான் விற்கிறவன் வந்தான் என்று சொல்லியிருக்கலாம்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நல்ல கடிதம். நான் எழுதியவற்றிலேயே நல்லது. இதில் ஒரு பொய் இல்லை. இதை நாளைக் காலை உன் பெட்டியில் போட்டால், நான் சொன்னது சரி என்று ஆகிவிடும். நீ தபால் பெட்டிகளுக்கு முன்னால், கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்பாய். அந்த அளவுக்கு நீ ஒழுங்கானவன். அதற்காகத்தான் நான் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வாய் என்றும் யோசித்தேன். 'யாரோ ஒரு கிழவன்' என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பாய். வியாழக்கிழமை அவள் தொப்பியை எடுக்கும்போது அவள் கையைப் பார்ப்பாய். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போது, அவள் இன்னும் ஒரு ராய்ஸை நம்பிக்கொண்டிருக்கிறாள், அது நீ இல்லை என்று உனக்கு ஞாபகம் வரும். எனக்கு ஒரு கண்ணாடிக் கதவு. உனக்கு அது.

ஆகையால் இந்தக் கடிதம் உனக்கு வராது. மேஜை இழுப்பறையில், அவள் கொடுத்த காகிதத்தோடு, ஒரு நீலத்துணிக்கு மேலே இருக்கும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை. நீ படிக்கப் போவதில்லை என்பதால் அதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, ஆனாலும் சொல்கிறேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நீ நின்ற நிற்பை நான் மறக்கப் போவதில்லை.

பெட்டியில் போடவேண்டியதைத் தனித் தாளில் எழுதிவிட்டேன். "நாலாம் வளைவு, தென்கரை வீட்டு வேலி ஆளுயரம் இருக்கிறது, வாத்து ஏற முடியவில்லை என்று நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன்." அவ்வளவுதான். வாத்து விவரம் எழுதியவருக்கு மட்டுமே தெரியும், அதனால் அலுவலகத்தில் சந்தேகப்படமாட்டார்கள். திங்கட்கிழமைக்குள் உனக்குத் தகவல் வந்துவிடும். நீ வேலியருகே வந்து நின்று, இந்தப் பக்கம் பார்த்து, 'அவன்தான்' என்று தலையாட்டுவாய். ஆட்டிக்கொள். நான் காபியோடு உட்கார்ந்துதான் இருப்பேன், பார்க்காத மாதிரி.

கை பழக்கத்தில் அந்த வரிக்குக் கீழே 'வெ' என்று ஆரம்பித்துவிட்டது. தாளைக் கிழித்துவிட்டு வேறொன்றில் எழுதினேன். கிளப் ஹவுஸ் மூடுவதற்குள் போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். பெயர் போடவில்லை. போடாமலேதான் போடப் போகிறேன்.